டாக்டரிடம் கேளுங்கள்: டேப் வைத்து இடுப்பளப்பதும் வைத்தியமா?

கேள்வி: என் மகன் டர்பனில் மருத்துவம் படிக்கிறான், நாலாம் வருஷம். ஆபரேஷன் தியேட்டரில் நிற்பான் என்று பார்த்தால், கிளினிக்கில் உட்காரவைத்து வருகிறவர்களின் இடுப்பை அளக்கச் சொல்கிறார்களாம், வீட்டில் மாசம் எவ்வளவு எண்ணெய் ஆகிறது என்று கேட்கச் சொல்கிறார்களாம். உலகத்திலேயே முதல் இதய மாற்று ஆபரேஷன் நடந்த தென்னாப்பிரிக்காவில் இதுவா படிப்பு?
(ஒரு தாய், சாட்ஸ்வர்த்)

பதில்: முதலில், தமிழில் எழுதிக் கேட்டதற்கு ஒரு கும்பிடு அம்மா. இப்போதெல்லாம் அது அபூர்வம்.

1967 டிசம்பர் 3, கேப் டவுன், கிறிஸ்டியன் பர்னார்ட். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். புது இதயம் பெற்றவரின் கதையை யாரும் கேட்பதில்லை. லூயிஸ் வாஷ்கான்ஸ்கி, மளிகைக்கடைக்காரர், சர்க்கரை நோயாளி, மாரடைப்புகள் வந்து இதயம் ஓய்ந்துபோனவர். ஆபரேஷனுக்கு அப்புறம் 18 நாள் இருந்தார். பர்னார்டின் கைத்திறமையை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் அந்த மேஜையில் படுப்பதற்குப் பல வருஷம் முன்னால் அந்த மனிதர் யாரோ ஒரு சாதாரண டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார் அல்லவா, உங்கள் மகன் படிப்பது அந்த டாக்டரின் வேலையை.

இந்தப் பாடம் டர்பன் இருக்கும் நம் நேட்டால் மாகாணத்திலேயே முளைத்தது என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி போலேலா என்ற கிராமப்புறத்தில் ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். நோயாளி வரட்டும் என்று காத்திராமல் வீடு வீடாகப் போய், என்ன சாப்பிடுகிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்று பார்த்து எழுதி வைத்தார்கள், காய்கறித் தோட்டம் போட வைத்தார்கள். அன்றைய பிரச்சினை பசி, இன்றைக்கு எண்ணெயும் உப்பும் சிகரெட்டும்; கேட்கிற கேள்வி என்னவோ அதேதான். 1957இல் ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் அவர்களிடம் வந்து கற்றுக்கொண்டு போய், 1965 முதல் தன் நாட்டில் ஏழைகளுக்கு அதே மாதிரி நிலையங்கள் தொடங்கினார். இங்கேயோ நிறவெறி அரசின் காலத்தில் ஆதரவு வற்றி, கார்க் தம்பதியே நாட்டை விட்டுப் போனார்கள். நமக்கு இது அவ்வளவாகத் தெரியாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

சரி, டேப் எதற்கு? நம் இந்திய உடம்பு பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும், அதனால் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் சுகரையும் பிரஷரையும் கொழுப்பையும் பார்க்க வேண்டும். உங்கள் மகன் வீட்டுக்கு வந்தால் முதலில் அப்பாவின் இடுப்பை அளக்கச் சொல்லுங்களேன்.

கேள்வி: நானும் மருத்துவ மாணவிதான். எண்ணெயைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றால் கிளினிக்குக்கு வரும் வயசான ஆயாமார் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள். அடுத்த முறை பிரஷர் அதே இடத்தில்தான் நிற்கிறது. என்ன செய்வது?
(ஃபீனிக்ஸ் வாசகி)

பதில்: தலையாட்டினால் உங்களை அனுப்பிவிடலாம் என்று அவர்களுக்குத் தெரியும் அம்மா! அறிவுரையை விடுங்கள், கணக்குக் கேளுங்கள். 2 லிட்டர் எண்ணெய் எத்தனை நாள் வருகிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள், வடை பொரித்த எண்ணெய் அப்புறம் எங்கே போகிறது, குழம்பில் சூப் பவுடர் சேர்க்கிறீர்களா, ஊறுகாய் தினமுமா. பதில் சொல்லும்போதே ஆயாவுக்குக் கணக்குப் புரிந்துவிடும். பிறகு ஒரே ஒரு மாற்றத்தை அவர்களே சொல்லட்டும், நீங்கள் எழுதி வைத்து அடுத்த தடவை அதைப் பற்றியே கேளுங்கள். சமைப்பது மருமகள் என்றால் மருமகளையும் வரச் சொல்லுங்கள்.

பிரஷர் அதே இடத்தில் நிற்பதற்கு நாமே காரணமாகவும் இருக்கலாம். நான் மாணவனாக இருந்தபோது மேடு ஏறி மூச்சு வாங்க வந்த ஒரு ஆயாவுக்கு, அவர் பேரன் கதையைச் சொல்லச் சொல்லவே கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி அளந்தேன். அதில் வந்த கூடுதல் அளவை நம்பி மாத்திரையும் கூட்டியாகிவிட்டது. அடுத்த வாரம் தலைசுற்றி விழுந்ததாக வந்து நின்றார். ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்து, பேசாமல், கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, கைக்கேற்ற அளவுப் பட்டையால் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன்தான். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்றும் கேளுங்கள், அதட்டாமல். பிரஷர் வலிக்காது, அதனால் நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுவார்கள்.

எல்லாமே உங்கள் தலையில் இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். மொரீஷியஸில் 1987க்குப் பிறகு ரேஷன் எண்ணெயில் பாமாயிலைக் குறைத்துச் சோயா எண்ணெயைப் பெரும்பகுதியாக்கினார்கள், 1992க்குள் மக்களின் சராசரி ரத்தக் கொழுப்பு லிட்டருக்கு 5.5இலிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியது. ரொட்டி போன்றவற்றில் உப்புக்கு நம் அரசு போட்ட வரம்பும் 2016இல் அமலுக்கு வந்தது. எந்த ஆயாவும் இதற்காகத் தலையாட்ட வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இனி பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தருவது) சாப்பிடலாமா?
(டோங்காட் வாசகர்)

பதில்: முதலில் சிகரெட் உண்டா என்று சொல்லுங்கள், அதை விடாமல் பன்னி சௌவை மட்டும் விடுவதில் பெரிய லாபம் இல்லை. அது இல்லையென்றால், எப்போதாவது ஒரு நாள், கால் ரொட்டி, மட்டனுக்குப் பதில் பீன்ஸ். ரொட்டியின் மூடியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.