இளஞ்சிவப்புப் பூக்கள் படத்தில் ஏன் வெறும் நிறத்திட்டாகத் தெரிகின்றன?

நேரில் இதழின் நரம்புகூடத் தெரிகிறது, படத்தில் மட்டும் ஏன் வெறும் திட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா நிறங்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பதிகிறது. இளஞ்சிவப்பில் சிவப்பின் பங்கு மிக அதிகம். பச்சையும் நீலமும் அளவோடு இருக்கும்போதே சிவப்பு உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் அந்த நிறத்தின் ஏற்ற இறக்கம் பதிவாகாது. நரம்பும் மடிப்பும் அங்கேதான் தொலைகின்றன.

எனவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் ஒளியளவை, கேமராவின் திருத்த அளவில் -0.7 எனக் குறைத்து எடுத்துப் பாருங்கள். ஹிஸ்டோகிராமில் (ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பைத் தனியாகக் கவனியுங்கள். மூன்று நிறங்களையும் கலந்து காட்டும் வெள்ளை வரைபடம் நன்றாக ஏமாற்றும். ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் வைத்திருக்கும் கோப்பாக, எடுத்தால் பிறகு திருத்த இடமிருக்கும். நிறச் செறிவை ஏற்றும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள், குறைத்ததெல்லாம் வீணாகிவிடும்.

உச்சி வெயிலைவிட மேகமூட்டம் எவ்வளவோ மேல். திறந்த நிழலில் நீல வானத்தின் ஒளி விழுவதால் பூவின் நிறம் ஊதாவாக மாறித் தெரியும். ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ‘நிழல்’ என மாற்றினால் சரியாகிவிடும்.

பூக்கள் நிறைந்த நிலக்காட்சிக்கு பிரதிபலிக்கும் ஒளியைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸின் முன் போடலாம். இலைகளின் பளபளப்பை அது அடக்குவதால் பச்சை ஆழமாகி, பூ எடுப்பாகத் தெரியும். ஆனால் அகலக்கோண லென்ஸில் வானத்தையும் சேர்த்து எடுத்தால், நீலம் ஒருபுறம் மட்டும் கறுத்துப்போகும்.