கொதிக்க வைச்சாலும் நைத்திரேற்று போகாது
வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சு, மூண்டு மாதப் பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். தயவுசெய்து இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. கொதிக்க வைச்சால் கிருமி சாகும். நைத்திரேற்று, அதாவது உரத்திலயும் மலக்கழிவிலயும் இருந்து வந்து தண்ணியில கரையிற உப்பு, போகாது, தண்ணி வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். யாழ்ப்பாணத்தில நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல். யூரியாவும் மலசலகூடக் குழித் தண்ணியும் அதின்ர வெடிப்புகளுக்குள்ளால நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். சுன்னாகத்துக் கிணறுகளில கலந்த எண்ணெய் மாதிரி நைத்திரேற்று படலமாய் மிதக்காது, நிறமுமில்லை, மணமுமில்லை. எனக்குப் பயமே அதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின்ர வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதுக்கு மேல போனால் கைக்குழந்தையின்ர இரத்தம் ஒட்சிசன் காவுறது குறையலாம். உதடு, நகம் நீலம் பாரிச்சால் உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.

தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையில விசாரியுங்கோ, உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டையும் சொல்லுங்கோ. நைத்திரேற்று எண்டு குறிப்பாய்க் கேட்டுச் சோதிப்பியுங்கோ. கிருமிச் சோதனை மட்டும் காணாது. சாதாரண வடிகட்டியும் இதைப் பிடிக்காது.

முடிவு வரும்வரை போத்தல் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் கரையுங்கோ. தாய்ப்பால் குடுக்க ஏலுமெண்டால் இன்னும் நல்லது, தாய் குடிக்கிற நைத்திரேற்று பாலுக்குள்ள பெரிசாய் வராது.