டோக்கியோவா, கியோட்டோவா, தொஹோக்குவா?

கேள்வி: உலோகவியலில் பி.இ. இறுதியாண்டு படிக்கிறேன். ஜப்பானில் முதுநிலை படிக்க ஆசை. டோக்கியோ, கியோட்டோ, தொஹோக்கு ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் எது நல்லது? தரவரிசையில் டோக்கியோதான் முன்னால் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதற்கே விண்ணப்பிக்கலாமா?
– ஒரு மாணவர்

பதில்: தம்பி, நான் சென்டாய் நகரில், தொஹோக்குவில் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்தவள். அந்தப் பாசம் என் பதிலில் இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

1877-ல் தொடங்கிய டோக்கியோவின் பெயர் சும்மா வந்ததல்ல. ஆனால் நீங்கள் கேட்பது உலோகவியல். தொஹோக்குவில் ஹோண்டா கோதாரோ 1917-லேயே கே.எஸ். எஃகு என்ற காந்த எஃகை உருவாக்கினார். அவர் வளர்த்த ஆய்வு நிலையத்தை இன்றும் 'கின்கென்' என்று செல்லமாகச் சொல்வோம். உலோகம் படிப்பவருக்கு அது தாய்வீடு. 1913-ல் ஜப்பானிலேயே முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டதும் தொஹோக்குதான். எனக்கு அதில் தனிப் பெருமை. நுண்துளைப் பொருட்கள் பக்கம் மனம் போனால் கியோட்டோவைப் பாருங்கள். 2025 வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கிதாகாவா சுசுமு அங்கேதான் இருக்கிறார்.

இதையெல்லாம்விட முக்கியம், எந்த ஆய்வகம் என்பது. முதுநிலையில் வகுப்புகள் கொஞ்சம்தான். இரண்டு வருடமும் உங்கள் பொழுது 'கென்க்யூஷிட்சு' எனும் ஆய்வகத்தில், ஒரு சென்செய்யின், அதாவது பேராசிரியரின் கீழ் போகும். எங்கள் ஆய்வகக் கதவருகே ஒரு வெள்ளைப் பலகை. யார் எங்கே என்று காட்ட, ஆளுக்கொரு காந்த வில்லை: அறையில், வகுப்பில், சாப்பிட, வீட்டுக்கு. நான் போய்ச் சேர்ந்த முதல் நாளே கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்தில் என் பெயர் அதில் ஒட்டியிருந்தது. எங்கள் சென்செய் ஆறரை மணிக்கெல்லாம் தன் வில்லையை 'வீட்டுக்கு' நகர்த்திவிடுவார். நாங்களும் நிம்மதியாகக் கிளம்புவோம். சென்செய் போகும்வரை யாரும் எழுந்திருக்காத ஆய்வகங்களும் ஜப்பானில் உண்டு. இது எந்தத் தரவரிசையிலும் வராது. அங்கே இப்போது படிக்கும் மாணவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாராந்தர 'ஸெமி', அதாவது ஆய்வகக் கருத்தரங்கு, எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பணம்? தேசியப் பல்கலைக்கழகங்களின் அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென். வெளிநாட்டு மாணவர்களுக்கு 2027 முதல் கட்டணத்தைக் கூட்டுவதாகத் தொஹோக்கு அறிவித்திருக்கிறது, கவனம். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமே இல்லை. மாதச் செலவுக்கும் பணம் வரும். தூதரகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம், பல்கலைக்கழகம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். எந்த வழியில் போனாலும் உங்களை ஏற்றுக்கொள்ள ஒரு பேராசிரியர் வேண்டும்.

அதனால் கடிதம்தான் முதல் வேலை. ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பாதீர்கள், முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நான் என் சென்செய்க்கு எழுதியபோது, அவருடைய கட்டுரையில் வந்த ஒரு வரைபடத்தைக் குறிப்பிட்டு, 600 டிகிரிக்கு மேல் கடினத்தன்மை ஏன் திடீரென்று விழுகிறது என்று கேட்டிருந்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. கேள்விக்கான விடை ஒரு பக்கம், "எப்போது வருகிறீர்கள்?" என்று கடைசியில் ஒரு வரி.

இரண்டு மூன்று ஆய்வகங்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி போடுங்கள், தம்பி.