குடலை வெட்டிப் பொருத்தும்போது அங்கே இரத்தம் ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி, வெட்டிப் பொருத்தப் போகிறார்கள். பொருத்திய இடம் கசியாமலிருக்க தியேட்டரில் என்ன பார்ப்பார்கள்?

முதலில் பார்ப்பது இரத்த ஓட்டத்தைத்தான். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இரண்டு முனைக்கும் இரத்தம் வராவிட்டால் ஒட்டாது.

குடலின் வெளிநிறம் ஏமாற்றும். இரத்தம் குறைந்தால் முதலில் சாவது உட்சவ்வு. வெளிப்புறம் அப்போதும் இளஞ்சிவப்பாகவே தெரியும். அதனால்தான் குடலோரம் ஓடும் சின்ன நாடியைக் கட்டுமுன் வெட்டிப் பார்ப்பார்கள். பளிச்சென்ற சிவப்பில் துடித்துத் துடித்துப் பீச்சினால் நல்லது. கறுத்த இரத்தம் மெல்லக் கசிந்தால் நம்பக்கூடாது. சந்தேகம் என்றால் இளஞ்சூடான சேலைனில் நனைத்த துணியால் பத்து நிமிடம் மூடிவைத்து, மயக்க மருந்து வைத்தியர் பிரஷரைச் சரிப்படுத்தியபின் திரும்பப் பார்ப்பார்கள். பிரஷரை ஏற்றும் நோர்அட்ரீனலின் கூடிப்போனாலும் குடலின் குழாய்கள் சுருங்கும். அப்படியும் தேறாவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளி, நல்ல இடத்தில் வெட்ட வேண்டும்.

சில இடங்களில் இந்தோசயனின் கிரீன் என்ற சாயம் ஏற்றுவார்கள். 25 மில்லிகிராம் தூளை 10 மில்லிலீற்றர் ஊசி நீரில் கரைத்து, அதில் 2 முதல் 4 மில்லிலீற்றர் நாளத்தில் போட்டால், அகச்சிவப்புக் கமராவில் ஒரு நிமிடத்துக்குள் குடல் ஒளிரும். ஒளி முடியும் கோடுதான் இரத்தம் ஓடும் எல்லை. அயடீன் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்தக் கமரா இல்லையென்று பயப்பட வேண்டாம். வெட்டிய விளிம்பைப் பொறுமையாகப் பார்ப்பது எந்தத் தியேட்டரிலும் முடியும்.

பொருத்தியபின் தண்ணீருக்குள் வைத்துக் காற்றடித்துக் குமிழி பார்ப்பது ஓட்டையை மட்டும்தான் காட்டும், இரத்த ஓட்டத்தைக் காட்டாது. மலக்குடலில் மிகத் தாழப் பொருத்தினால் மலம் வெளியே வர சில மாதத்துக்கு வயிற்றில் பை வைப்பார்கள். அதற்குச் சம்மதியுங்கள், கசிந்தாலும் உயிருக்கு ஆபத்துக் குறையும்.

அப்பா சுருட்டு குடிப்பவரா, வெற்றிலையோடு புகையிலை போடுபவரா? இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், நிக்கொட்டின் குழாய்களைச் சுருக்கும்.

கசிவு பெரும்பாலும் ஐந்தாம், ஏழாம் நாளையொட்டித்தான் தெரியவரும். அதற்குள் அப்பா வீட்டுக்கு வந்திருக்கவும் கூடும். காய்ச்சல், நாடித்துடிப்பு 100க்கு மேல், வயிறு ஊதிக் கூடிக்கொண்டே போகும் நோ, இவற்றில் ஒன்று வந்தாலும் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்க வேண்டாம். இரவில் வாகனம் கிடைக்காவிட்டால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஒப்பரேசன் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.