மகளின் நெற்றியில் இரண்டு பருக்கள்

கேள்வி: எனக்கு வயது 41. காலை வேளையில் இரண்டு முறை இரத்தம் எடுத்துப் பார்த்து, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு என்று மருத்துவர் ஜெல் எழுதிக் கொடுத்தார். ஏழு மாதங்களாக இரவில் குளித்துவிட்டுத் தோள்களில் பூசிக்கொள்கிறேன். மனைவிக்குத் தெரியாது, ட்யூபை அலுவலகப் பையில் வைத்திருக்கிறேன். சோர்வு குறைந்திருக்கிறது. ஆனால் முதுகெல்லாம் பரு, அடிக்கடி தலைவலி, மார்புக் காம்புக்கு அடியில் கட்டிபோல ஒரு வலி. (என் தோளில் சாய்ந்தே தூங்கும் நான்கு வயது மகளுக்கும் நெற்றியில் இரண்டு பரு. அப்பாவையே உரித்து வைத்திருக்கிறாள் என்று மனைவி சிரிக்கிறாள்.) மாரடைப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஜெல்லின் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். மாரடைப்பு பயத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு அடைப்புக்குறிக்குள் இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான்கு வயதில் பரு வரக்கூடாது. பிறந்த முதல் சில மாதங்களில் வரலாம். பிறகு பருவ வயதை ஒட்டி வரும். நடுவில் வந்தால், குழந்தையின் உடம்பில் ஆண் ஹார்மோன் எங்கிருந்தாவது கூடியிருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடத் தொடங்குவார்கள். உங்கள் வீட்டில் அதிக தூரம் தேட வேண்டியிருக்காது. பூசுகிற ஜெல்லில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உங்கள் உடம்புக்குள் போகிறது. மிச்சம் தோலின்மேலேயே நிற்கிறது. அந்தத் தோளில் ஒரு குழந்தையின் கன்னம், இரவு முழுக்க, ஏழு மாதமாக.

2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஜெல்களுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது இதற்காகத்தான். பெரியவர்கள் பூசிக்கொண்ட மருந்து பட்டு, சிறு குழந்தைகளுக்கு அந்தரங்க முடி முளைத்தது, பிறப்புறுப்பு பெரிதானது, முரட்டுக் கோபம் வந்தது, எலும்பு வயதை மீறி முதிர்ந்தது. தொடர்பு நின்றதும் பெரும்பாலானவை மறைந்தன. ஆனால் சில குழந்தைகளுக்கு உறுப்பு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. எலும்பின் வயதும் சற்று முந்தியே நின்றது. எலும்பு முந்தி முதிர்ந்தால் வளர்ச்சியும் முந்தி நின்றுவிடும். இந்த எச்சரிக்கை உங்கள் ட்யூபின் உறைக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கும். அதைப் படித்தீர்களா? பையில் ஒளிக்கிற அவசரத்தில் உறையையே கிழித்து எறிந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

என் கோபம் அந்தப் பையின்மேல்தான். குழந்தையைக் குளிப்பாட்டி உடை மாற்றுகிற நேரத்தில் ஒரு முடியோ, வியர்வையில் பெரியவர்களின் வாடையோ தென்பட்டால் தாய் உடனே கவனித்திருப்பாள். இப்போதோ பருவைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கும்படி அவளை வைத்திருப்பது நீங்கள். கணவன் தன் மனக்குறையைத் தனக்குள் வைத்துக்கொள்ளட்டும், அது அவன் உரிமை. ஆனால் ஒரே படுக்கையில் மூன்று பேர் படுக்கும்போது, உங்கள் தோலில் இருக்கும் மருந்து உங்களுடையது மட்டுமல்ல. அவள் தோலிலும் ஒட்டும். அவள் கருவுற்றால், வயிற்றில் இருப்பது பெண் குழந்தையானால், அந்தக் கருவையும் அது பாதிக்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன்: அவள் இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கிறாளா? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், விதைப்பையை வேலை வாங்கும் மூளையின் சமிக்ஞை அடங்கிவிடும். விந்தணு குறையும்; அறவே இல்லாமலும் போகும். நிறுத்திய பிறகு திரும்பி வர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். மாதாமாதம் அவள் தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு?

உங்கள் உபாதைகளுக்கு வருகிறேன். தலைவலிக்கு இரத்த அழுத்தமும் ஹீமாட்டோகிரிட்டும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்க வேண்டும். இந்த மருந்தில் சிவப்பணு ஏறி இரத்தம் கெட்டியாகும். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் மருந்தை நிறுத்திவைப்பார்கள். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் ஒரு சோதனை, பிறகு வருடத்துக்கு ஒன்று என்பது முறை. நீங்களோ ஏழு மாதத்தில் ஒரு சோதனை செய்துகொண்டதாகக்கூட எழுதவில்லை. மார்பு வலி, டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுவதால் வரக்கூடியது; கையால் தொட்டுப் பார்க்க மருத்துவர் வேண்டும், நான் போதாது. மாரடைப்பைப் பற்றி: இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தக் கட்டியும் சற்றுக் கூடின. நீங்களாக அளவைப் பாதியாக்காதீர்கள். பாதி ஜெல்லும் குழந்தைமேல் ஒட்டும்.

இன்றிரவு ஜெல் பூச வேண்டாம். தோள்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, கைவைத்த சட்டை போட்ட பிறகே குழந்தையைத் தூக்குங்கள். தலையணை உறையையும் பழைய சட்டைகளையும் துவைக்கப் போடுங்கள். குழந்தை தூங்கியதும் ட்யூபை மனைவி கையில் கொடுத்து, ஏழு மாதத்தையும் சொல்லுங்கள். அவள் அழுதாலும் திட்டினாலும் எழுந்து போகாதீர்கள். நாளைக்கே இருவருமாகக் குழந்தை நல மருத்துவரிடம் போங்கள்; இரத்தச் சோதனையும், எலும்பு வயது பார்க்கக் கையில் ஓர் எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். பிறகு உங்கள் மருத்துவரிடம், காலையில் பூசி மூடிக்கொள்வதா, ஊசிக்கு மாறுவதா என்று கேளுங்கள். ஊசி குழந்தைமேல் ஒட்டாது. ஆனால் அதில் சிவப்பணு ஜெல்லைவிட அதிகம் ஏறும். உங்களுக்குத் தலைவலி வேறு இருக்கிறது, மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு இடத்துக்கும் ட்யூபை எடுத்துச் செல்லுங்கள். எத்தனை சதவீத ஜெல், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று குழந்தையின் மருத்துவர் முதலில் கேட்பார்.