உரம் போட்ட அரிசியில் கதிரியக்கமா?

வணக்கம் ஐயா,

எங்கள் தெருவில் இயற்கை அங்காடி நடத்துபவர், பொட்டாஷ் உரம் போட்டு விளைந்த அரிசியிலும் பருப்பிலும் கதிரியக்கம் இருக்கிறது, இயற்கை விளைச்சலில் கிடையாது என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. பயந்துபோய் இரட்டை விலை கொடுத்து வாங்குகிறோம். அவர் சொல்வது உண்மையா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

அவர் சொன்னதில் முதல் பாதி சரி. உரம் போட்ட அரிசியில் கதிரியக்கம் உண்டு. இயற்கை அரிசியிலும் உண்டு. பொட்டாஷ் உரம் தருவது பொட்டாசியம் என்ற சத்து. அது இல்லாமல் எந்தப் பயிரும் வளராது. எங்கிருந்து எடுத்த பொட்டாசியமானாலும் அதில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. பூமி உருவான நாளிலிருந்து மண்ணில் இருப்பது. அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டு. பொட்டாஷ் மூட்டையிலிருந்து வந்தாலும், தொழுவுரத்திலிருந்தோ அடுப்புச் சாம்பலிலிருந்தோ வந்தாலும் இந்த விகிதம் மாறாது.

ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்குச் சுமார் 31 அணுக்கள் சிதைகின்றன, அதாவது 31 பெக்கரல். இதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். தீட்டிய வெள்ளை அரிசி ஒரு கிலோவில் ஏறக்குறைய ஒரு கிராம் பொட்டாசியம், ஆகவே 30 பெக்கரலை ஒட்டி. கேழ்வரகில் நான்கு கிராம், 120க்கு மேல். துவரம்பருப்பில் பத்து கிராமுக்கும் கூடுதல், 300ஐத் தாண்டும். தவிடு போகாத கைக்குத்தல் அரிசியில் வெள்ளை அரிசியைவிட அதிகம். எந்தத் தானியம், எவ்வளவு தீட்டியது என்பதுதான் அளவைத் தீர்மானிக்கிறது.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் எப்போதும் இருக்கும். அதிலேயே 4,000 பெக்கரலுக்கு மேல். கூடுதலாகச் சாப்பிட்டால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஆண்டுக்கு இதனால் உடலுக்குக் கிடைப்பது 0.17 மில்லிசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து நாம் பெறும் மொத்தக் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4.

உரத்தையும் கதிரியக்கத்தையும் சேர்த்துப் பேசுவதென்றால் பாஸ்பேட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். பாஸ்பேட் பாறையில் யுரேனியம் உண்டு. சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. வழியாக அது வயலுக்கு வருகிறது. ஆனால் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நெல்மணிவரை ஏறுவது மிகச் சொற்பம். இயற்கை வேளாண்மைத் தரச்சான்று விதிகளும் பாறை பாஸ்பேட்டை நிபந்தனையோடு அனுமதிக்கின்றன. அதே பாறை, அதே யுரேனியம்.

நான் இயற்கை விவசாயத்தின் பக்கம் நிற்பவன். அதனால்தான் இந்தப் பேச்சு எனக்கு வலிக்கிறது. மருந்தடிக்கும் கூலித் தொழிலாளியின் உடம்பு, நைட்ரேட் இறங்கும் கிணற்றுத் தண்ணீர், உயிரிழந்த மண் என்று சொல்வதற்கு உண்மையான காரணங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு தாயின் பயத்தை வைத்து விற்கப்படும் அரிசி, அந்தக் காரணங்களையும் சேர்த்து நம்பாமல் செய்துவிடும். கையில் காசு இருந்தால் அவற்றுக்காக வாங்குங்கள். இல்லையென்றால் ரேஷன் அரிசியே போதும், குற்றவுணர்வு வேண்டாம்.

குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழும் பருப்புச் சாதமும் தயங்காமல் கொடுங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். புகையிலையில் பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. புகையோடு போய் நுரையீரலில் படிகிறது. புகையின் மற்ற நஞ்சுகள் இதற்கு மேல்.