தோட்டத்தில் வேலை போய்விட்டது, அரசு உதவிக்கு முதன்முதலாக எங்கே போவது?

தோட்டம் கைமாறியதில் கணவருக்கு வேலை போய்விட்டது, வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் அதுதான், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும் வயதான மாமியாரும் இருக்கிறார்கள், இதுவரை எந்த உதவிக்கும் மனு போட்டதில்லை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுபவர். எங்கள் தோட்டமும் இப்படித்தான் கைமாறியது. எங்களுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன், தங்கச்சி.

எடுத்த எடுப்பிலேயே வெல்ஃபேர் (சமூக நல) ஆபீசுக்குப் போகச் சொல்வார்கள். அங்கேயும் போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கணவர் சந்தா கட்டிச் சேர்த்த உரிமை ஒன்று இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு. அதை முதலில் முடியுங்கள்.

அவருடைய பழைய சம்பள ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். இ.பி.எஃப். (ஓய்வுகாலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) என்று பிடித்திருப்பதற்குப் பக்கத்தில் எஸ்.ஐ.பி. அல்லது இ.ஐ.எஸ். என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். 1,700 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்துக்கு அது மூன்று வெள்ளி சொச்சம்தான். முதலாளியும் அதே அளவு போடுகிறார். 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கான சந்தா அது. நடத்துவது பெர்கேசோ, அதாவது நாம் சொக்சோ என்று சொல்லும் அதே இடம். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் அங்கே மனு போட வேண்டும். முதல் தடவை கேட்பவர் கடைசி 24 மாதத்தில் குறைந்தது 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். தோட்டத்தில் நிரந்தர வேலை பார்த்தவருக்கு இது பிரச்சினையாக இருக்காது.

கொடுக்கும் பணம் முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவிகிதம், இரண்டாம் மாதம் 50, மூன்றும் நான்கும் 40, ஐந்தும் ஆறும் 30. சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை வரும். 1,700 சம்பளம் என்றால் முதல் மாதம் 1,300-க்கு மேல் கையில் கிடைக்கும், அடுத்த மாதம் அது 800 சொச்சமாகிவிடும். அதனால் முதல் மாதப் பணம் வந்ததும் பழைய கடனையெல்லாம் அடைத்துவிட்டு உட்காராதீர்கள். அரிசி, பிள்ளைகளின் பஸ் காசு, மருந்து, இந்த மூன்றுக்கும் முதலில் ஒதுக்குங்கள்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கும் விஷயம் இருக்கிறது. தானாக வேலையை விட்டவருக்கு இந்தப் பணம் கிடையாது. எங்கள் தோட்ட ஆபீசில் ஒரு கடிதத்தை நீட்டி, "எல்லாரும் போட்டாச்சு, நீயும் கையெழுத்துப் போடு, கணக்கு சீக்கிரம் முடியும்" என்றார்கள். மலாயில் நாலு வரி. மூன்றாவது வரியில், சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன் என்று இருந்தது. என் வீட்டுக்காரர் அதை வீட்டுக்கு எடுத்து வந்து மகளிடம் படிக்கச் சொன்னார். ஐந்தாம் படிவம் படிக்கிற பிள்ளை அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் போய், வேலையை நிறுத்தியது நிர்வாகம் என்று எழுதிய கடிதம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். உங்கள் கணவர் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், யார் யார் கூட இருந்தார்கள் என்பதையெல்லாம் தேதியோடு எழுதி வைத்து லேபர் ஆபீசில் சொல்லுங்கள்.

லேபர் ஆபீசுக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, நிர்வாகம் வேலையை நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு இது உண்டு. இரண்டு வருடத்துக்குள் என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். வேலை நின்ற ஏழு நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். தோட்டம் கைமாறும்போது மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பழைய சலுகைகளுக்குக் குறையாமல் வேலை தருகிறேன் என்று புது முதலாளி ஏழு நாளுக்குள் சொல்லி, காரணமில்லாமல் நாம் மறுத்தால் இழப்பீடு கேட்க முடியாது. குறைந்த சம்பளத்துக்கோ கொன்ராக் (ஒப்பந்த) வேலைக்கோ கூப்பிட்டால் அதே சலுகை ஆகாது. உங்கள் கணவர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் சங்கத்தையும் கூட்டிப் போங்கள்.

அப்புறம் வெல்ஃபேர், சமூக நல இலாகா. என் வீட்டுக்காரர் இங்கேதான் முரண்டு பிடித்தார். "சொக்சோ நான் கட்டின காசு, சரி. இது போய்க் கை நீட்டுறது" என்றார். அவர் வரவே வேண்டாம் என்று நான் போனேன். வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் மாத்திரை சாப்பிடுகிற கிழவிக்கும் அப்பனுடைய ரோஷம் சோறு போடாது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது, அதனால் நான் போனது அந்த மாவட்ட ஆபீசுக்கு. நீங்கள் உங்கள் மாவட்ட ஆபீசுக்குப் போங்கள். ஜே.கே.எம். 18 என்ற பாரத்தை (மனுப் படிவத்தை)க் கேட்டு வாங்குங்கள். காசு கிடையாது. நிரப்பித் தருகிறேன், ஐம்பது வெள்ளி கொடு என்று யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். மலாயில் எழுதத் தடுமாற்றம் என்றால் கவுண்டரிலேயே சொல்லிக் கேட்கலாம், அல்லது பிள்ளைகளின் வாத்தியாரம்மாவைப் பிடியுங்கள்.

என்ன எடுத்துப் போவது என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டில் உள்ள எல்லாருடைய ஐ.சி. (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், வேலை நின்ற கடிதம், கடைசி ஸ்லிப்புகள், உங்கள் பெயரில் உள்ள பேங்க் புத்தகம். எல்லாவற்றிலும் நகல். எங்களை இழுத்தடித்தது முகவரிதான். லயத்து வீட்டில் (தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில்) தண்ணீரும் கரண்டும் தோட்டத்தின் பெயரில். காட்டுவதற்கு நம் பெயரில் ஒரு பில்கூட இருக்காது. பெங்குலுவிடம் (வட்டாரத் தலைவரிடம்) இங்கே குடியிருக்கிறோம் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் பாரத்தை எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பாரம் கொடுத்த பிறகு ஆபீசர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அதற்காக டிவியை எடுத்து மறைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். எங்களிடம் வந்த அம்மா அடுப்படி வரைக்கும் வந்தார், அரிசி டின்னைத் திறந்து பார்த்தார், மாமியாரின் மருந்து அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டார். பெர்கேசோ பணம் வருகிறதா என்று கேட்டார், வருகிறது என்றேன், எந்த மாதம் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மறைத்துப் பிறகு தெரிந்தால் எல்லாம் போய்விடும். பிள்ளைகளுக்கான உதவியும் முதியோர் உதவியும் வேறு வேறு. உங்கள் மாமியாருக்கு 60 வயது தாண்டியிருந்தால், குடும்பத்தால் பார்க்க முடியாத நிலை என்பதைக் காட்டி அவர் பெயரில் தனியாகக் கேளுங்கள். 2025-லிருந்து அது மாதம் 600 வெள்ளி. அங்கேயே ஈ-காசே என்ற ஏழைக் குடும்பங்களின் அரசுப் பட்டியலில் உங்கள் வீட்டைச் சேர்ப்பது எப்படி என்றும் விசாரியுங்கள். பல உதவிகளுக்கு அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள்.

அரசு தருகிற ரொக்க உதவியான எஸ்.டி.ஆர். பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏற்கெனவே வாங்குகிறவர் என்றால் வருமானம் குறைந்ததை அதில் மாற்றிப் பதியுங்கள். சாரா என்ற மளிகைச் சாமான் உதவிப் பணம் ஐ.சி.யிலேயே ஏறும், காசாக எடுக்க முடியாது, அதற்குப் பதிந்த கடையில் அரிசி, முட்டை, மாவு மாதிரி சாமான்கள் வாங்கலாம். பிள்ளைகளின் வகுப்பு ஆசிரியரிடம் வேலை போனதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியில் காலைச் சாப்பாடு தருகிற ஆர்.எம்.டி. திட்டம் இருக்கிறது, ஏழை மாணவர் நிதியும் இருக்கிறது. ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் பெயரைக் கொடுப்பார்.

இ.பி.எஃப். பணத்தைத் தொடுவது கடைசியில் இருக்கட்டும். மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆன பிறகு, அவசரத்தில் அதைத்தான் முதலில் வழிக்கிறார்கள். 60 நாள் கெடு அதற்குக் கிடையாது. முதலில் பெர்கேசோவில் போய் நில்லுங்கள்.

வேலைக் காப்புறுதி வாங்குகிற மாதங்களில் உங்கள் கணவர் வேலை தேடுவதைக் காட்ட வேண்டும், மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் இணையத்தளத்தில் பெயரும் பதிய வேண்டும். போனில் பிள்ளைகள் செய்து கொடுப்பார்கள். நடுவில் வேலை கிடைத்தால் உடனே தெரிவியுங்கள்; மிச்சமிருக்கும் தொகையில் 25 சதவிகிதத்தை மொத்தமாகத் தருவார்கள். என் வீட்டுக்காரருக்கு அது கிடைத்தது, புது இடத்துக்குப் போக மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றினோம்.